களைக்கொல்லியும் இல்லறத்தார் கொல்லாமையும்

சென்ற தசலக்ஷண பர்வத்தில் உத்தம சம்யம நாளன்று, எம்மூர் ஜினாலயத்தில் மாலைச் சொற்பொழிவு முடிந்து அன்பர்கள் கலைந்துகொண்டிருந்தனர். பொறியடக்கம், உயிர்ப்பாதுகாப்பு என்னும் இருவகைச் சம்யமங்களைப் பற்றி அன்று பேசப்பட்டது. எம்மிடம் ஐந்தாம் வகுப்பில் பயின்று, இன்று உழவுத் தொழில் செய்யும் இளைஞர் ஒருவர் எம்மை அணுகி ஒரு வினா எழுப்பினார். அவர் கேட்டவாறே இங்குத் தருகிறோம்.

"டீச்சர், மணிலாக் கொல்லையில் களைவெட்டியால் கொத்தினால் கொத்துக்குக் கொத்து மண்புழு அறுபடுகிறது, எறும்புப் புற்று உடைகிறது. களை மருந்து அடித்தால் சாவது புல் மட்டும்தான். புல்லுக்கு ஓரறிவு; புழுவுக்கு இரண்டு; எறும்புக்கு மூன்று. அப்படியானால் மருந்து அடிப்பதுதானே குறைந்த ஹிம்சை? பெரியவர்கள் எல்லாரும் மருந்தைத் திட்டுகிறீர்களே, கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா?"

யாம் உடனே விடை கூறவில்லை. கூற இயலவில்லை என்பதே உண்மை. 'கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா' என்ற சொல் எம்மைத் தைத்தது. அவருக்குக் கணக்குக் கற்பித்தவர் யாமே. அன்றியும் அவர் உழுவது எம் நிலத்தை. ஏரிப் பாசனத்தில் ஓர் ஏக்கரும் கிணற்றுப் பாசனத்தில் ஓர் ஏக்கரும் அவரிடம் குத்தகைக்கு விடப்பட்டுள்ளன. ஆண்டுதோறும் குத்தகைப் பணத்தை எண்ணி வாங்கிக்கொள்ளும் யாம், அந்நிலத்தில் என்ன இடப்படுகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஒரு வினையைத் தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படல் என்னும் மூன்றும் வினையைச் சேர்க்கும் என்று குழந்தைகளுக்குப் பாடஞ்சொல்லிய வாய் எம்முடையது.

உழவு நம் சமயத்துக்குப் புறம்பான தொழில் அன்று. ஆதிபகவன் மக்களுக்குக் கற்பித்த ஆறு தொழில்களுள் உழவும் ஒன்று. ஹிம்சையை நால்வகையாகப் பகுத்த நம் சான்றோர், கொல்லவேண்டும் என்னும் எண்ணத்தோடு செய்யும் சங்கல்பி ஹிம்சையை இல்லறத்தார் முற்றும் விலக்க வேண்டும் என்றனர். தொழில் பற்றி நேரும் உத்தியோகி ஹிம்சையை இயன்ற மட்டும் குறைக்கச் சொன்னார்கள். ஆகவே இளைஞரின் வினா முறையான வினாவே. இரண்டு வழிகளுள் எது குறைவு என்றுதான் அவர் கேட்கிறார். இதனைக் குதர்க்கம் என்று தள்ளிய பெரியவர் ஒருவரிடம், அன்றே யாம் மாறுபட்டோம்.

விடை தேட முற்பட்டபோது முதலில் யாம் கண்டது, கணக்கு வயலோடு முடியவில்லை என்பதே. இலைமேல் தெளித்த மருந்து இலையோடு நிற்பதில்லை. எஞ்சியது மண்ணில் விழுகிறது. மண்ணில் விழுந்தபின் அதற்கு மூன்று வழிகள் உண்டு: மண்ணைப் பற்றிக்கொள்ளலாம், நீரோடு போகலாம், நுண்ணுயிர்களாலும் வெயிலாலும் சிதைந்து ஒழியலாம். எந்த மருந்து எவ்வழியில் மிகுதியாகச் செல்லும் என்பது அதன் இயல்பையும் மண்ணின் தன்மையையும் நீர் பாய்ச்சும் முறையையும் பொறுத்தது. வேளாண் கல்லூரியில் பயின்ற எம் உறவினப் பெண் இவற்றை விளக்க விளக்க, வினை உயிரைக் கட்டும் முறையைக் கூறும் நம் நூல்களின் பகுப்பே எம் நினைவுக்கு வந்தது. கட்டு நான்கு வகை. வினையின் இயல்பு, அது நிற்கும் காலம், அதன் வீரியம், அதன் அளவு என்பன அவை. மருந்தைப் பற்றி அறிய வேண்டுவனவும் இந்நான்கே.

நிற்கும் காலத்தை முதலில் பார்ப்போம். இட்டதில் பாதி சிதைய ஆகும் காலத்தை அறிஞர்கள் கணக்கிடுகின்றனர். நெல்வயலில் கோரைக்கும் அகன்ற இலைக் களைக்கும் இடும் 2,4-டி என்னும் மருந்துக்கு அது ஏறத்தாழப் பத்து நாள். கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் இடும் அட்ரசினுக்கு இரண்டு மாதம் அளவு. கிளைபோசேட்டுக்குச் சில நாள் முதல் பல மாதம் வரை, மண்ணுக்கு மண் வேறுபடுகிறது. அது சிதைந்து பிறக்கும் ஒரு பொருள் அதனினும் நீண்டு நிற்கிறது. 1962இல் சந்தைக்கு வந்த பாராகுவாட் களிமண் ஏடுகளுக்கிடையே புகுந்து ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கிறது.

இனி, சேர்வது எவ்வளவு? பள்ளிக் கணக்கே போதும். ஒவ்வொரு பருவத்திலும் ஒரு பங்கு இடுகிறோம். அடுத்த முறை இடும்போது முன்னதில் பாதி எஞ்சியிருப்பதாகக் கொள்வோம். இரண்டாம் முறை இட்டதும் மண்ணில் ஒன்றரைப் பங்கு. மூன்றாம் முறை ஒன்றே முக்கால். நான்காம் முறை ஒன்றே முக்காலே அரைக்கால். எத்தனை ஆண்டு இட்டாலும் இரண்டு பங்கைத் தாண்டாது. முக்கால் பாகம் எஞ்சுமானால் நான்கு பங்கு வரை ஏறும். பத்தில் ஒரு பாகமே எஞ்சினால் ஒன்றேகால் பங்கைக்கூட எட்டாது. ஆகவே 'மருந்து மண்ணில் மலைபோல் குவிகிறது' என்று மேடையில் முழங்குவதும், 'இரண்டு மழையில் எல்லாம் போய்விடும்' என்று கடைக்காரர் கூறுவதும் ஒருபக்கக் கூற்றுகளே. அநேகாந்தம் பேசும் நாம், எந்த மருந்து, எந்த மண், எத்தனை நாள் இடைவெளி என்று கேளாமல் எதையும் சொல்லலாகாது. யாமும் அவ்வாறு மேடையில் முழங்கியவரே என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

ஆயினும் இக்கணக்கு, மருந்து இட்ட இடத்திலேயே நிற்பதாக வைத்துப் போட்ட கணக்கு. நீர் பாயும் நிலத்தில் அது நிற்பதில்லை. பார் பிடித்துச் சாலில் நீர் விட்டால், நீர் பக்கவாட்டில் ஊறிப் பார் மேல் ஏறுகிறது; வெயில் நீரை மட்டும் கொண்டுபோகக் கரைந்திருந்தது பார் உச்சியில் தங்குகிறது. உவர் பூப்பதைக் கண்ட உழவருக்கு இது புதிதன்று. மணற்பாங்கான நிலத்தில் நிறைய நீர் விட்டால், மண்ணைப் பற்றாத அட்ரசின் போன்றவை கீழிறங்கிக் கிணற்றைச் சேர்கின்றன. அந்தக் கிணற்று நீரே மறுபடி இறைக்கப்பட்டு நிலத்துக்கு வருகிறது. சொட்டுநீர்ப் பாசனத்தில் துளி விழும் இடம் ஈரமாக இருப்பதால் அங்கு மருந்து விரைந்து சிதைகிறது. வரிசைகளுக்கிடையே மண் காய்ந்து கிடப்பதால் நுண்ணுயிர்கள் உறங்க, மருந்தும் மழை வரும் வரை உறங்குகிறது. கிளைபோசேட் மண்ணைக் கெட்டியாகப் பற்றுவது. ஆனால் வரப்பு உடைந்து செந்நீர் ஓடும்போது மண்ணோடு மண்ணாக அதுவும் ஓடி ஏரி வண்டலில் படிகிறது. அந்த வண்டலைத்தானே நம் முன்னோர் வழியில் கோடையில் வாரி வந்து வயலுக்கு அடிக்கிறோம்!

நிலத்தடி நீரை அடைந்தது எளிதில் ஒழியாது. அங்கு வெயில் இல்லை, நுண்ணுயிரும் குறைவு. ஜெர்மனி நாட்டார் 1991இல் அட்ரசினைத் தடை செய்தனர். பல்லாண்டு கழித்தும் அந்நாட்டு நிலத்தடி நீரில் அதுவும் அதன் சிதைவுப் பொருளும் காணப்பட்டன. இட்ட கை நின்றபின்னும் இட்டது நிற்கவில்லை.

இங்கு எம் மனம் நம் இல்லங்களில் நாள்தோறும் நடக்கும் ஒரு செயலில் சென்று நின்றது. நீரை இருமடித் துணியால் வடிகட்டியே பருகுகிறோம். துணியில் தங்கிய சிற்றுயிர்களை, வடிகட்டிய நீரையே ஊற்றி மெல்லக் கழுவி, இறைத்த கிணற்றுக்கே திருப்பி விடவேண்டும் என்பது நம் முறை. எம் அன்னையார் அதற்கென்றே அடியில் கொக்கி வைத்த சிறு செம்பு ஒன்றை வைத்திருந்தார். கயிற்றில் இறக்கி, நீர்மட்டத்தைத் தொட்ட பிறகே கவிழ்ப்பார். உயரத்திலிருந்து கொட்டினால் அவ்வுயிர்கள் அதிர்ச்சியில் மாயும் என்பார். அத்துணை நுண்மையான அருள் அது. ஆனால் நீரில் கரைந்த மருந்து எத்துணியிலும் தங்காது. அருளோடு திருப்பி அனுப்பப்பட்ட அவ்வுயிர்கள் இன்று எந்த நீருக்குத் திரும்புகின்றன?

மண்புழுவுக்கு வருவோம், இளைஞரின் வாதம் முழுவதும் அதன்மேல் நிற்பது. மருந்து புழுவை விட்டுவிடுகிறது என்பது உண்மையா? 2015இல் ஆஸ்திரியாவின் வியன்னாவில் செய்யப்பட்ட ஓர் ஆய்வில், கிளைபோசேட் கலந்த களைக்கொல்லி தெளிக்கப்பட்டபின் மண்ணின் மேற்பரப்புக்கு வந்து செல்லும் புழுக்களின் நடமாட்டம் அடங்கிப்போனது; மண்ணுக்குள்ளேயே வாழும் மற்றொரு வகைப் புழுவின் இனப்பெருக்கம் மூன்று மாதத்துக்குள் 56 விழுக்காடு குறைந்தது. புழு அறுபடவில்லை, பிறக்கவில்லை. பிறவாத உயிரைக் கொலைக் கணக்கில் எழுதுவதா என்று கேட்டால், நூல்வல்லார்தாம் கூறவேண்டும். நெல்வயலில், நட்ட மூன்றாம் நாள் அளவில் மணலில் கலந்து வீசும் பூட்டாகுளோர் மீன்களுக்கும் தவளையின் தலைப்பிரட்டைகளுக்கும் நஞ்சாவது. மீனும் தவளையும் ஐயறிவுயிர்கள்.

அதேபோல் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அடிக்கடி உழுது கிளறும் நிலத்தைவிட உழாத நிலத்தில் மண்புழு பெருகுகிறது என்பதும் ஆய்ந்து கண்ட உண்மையே. களைவெட்டி குற்றமற்றது என்று கூற இயலாது. களையெடுக்கும் மகளிரின் முதுகையும் நினைக்க வேண்டும். நாள் முழுதும் குனிந்து, சேற்றில் கால் புண்ணாகி, அந்தியில் நிமிர முடியாமல் வரப்பில் அமர்ந்திருக்கும் அவர்களை யாம் பள்ளிக்குச் செல்லும் வழியில் முப்பது ஆண்டுகள் கண்டிருக்கிறோம். 'மருந்து வேண்டாம், ஆள் வைத்து எடு' என்று திண்ணையிலிருந்து சொல்வது எளிது. அந்த ஆளும் ஓர் உயிர், அதுவும் ஆறறிவுயிர்.

அயல்நாட்டு நிகழ்ச்சி ஒன்று இவ்விடத்தில் பெரிதும் உதவும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சாக்ரமெண்டோ ஆற்றுப் பள்ளத்தாக்கு, நம் தஞ்சையைப் போல் நீர் நிறுத்தி நெல் விளைக்கும் நாடு. அங்கே களைகளுக்கு மாலினேட், தயோபென்கார்ப் என்னும் இரு மருந்துகளை இட்டனர். இட்ட சில நாளில் வயல் நீரை வடிகாலில் திறந்துவிடுவது வழக்கம். 1980களின் தொடக்கத்தில் வடிகால்களில் கெண்டையினத்து மீன்கள் திரள்திரளாகச் செத்து மிதந்தன. அவ்வாற்று நீரைப் பருகும் சாக்ரமெண்டோ நகர மக்கள் குடிநீர் கசக்கிறது என்று முறையிட்டனர். ஆராய்ந்தபோது மீன்களைக் கொன்றது மாலினேட் என்றும், கசப்புக்குக் காரணம் தயோபென்கார்ப் என்றும் தெரிந்தது.

அவர்கள் முதலிற் செய்தது மருந்தைத் தடை செய்வதன்று, மடையை அடைத்ததுதான். மருந்து இட்டபின் குறிப்பிட்ட நாள்வரை வயல் நீரை வெளியே விடலாகாது என்று விதித்தனர். அந்நாள்களில் மருந்து வயலுக்குள்ளேயே சிதையும். முதலில் சில நாளாக இருந்த இவ்விதி, படிப்படியாக ஏறத்தாழ ஒரு மாதம் வரை நீட்டப்பட்டது. பத்தாண்டுக்குள் ஆற்றுக்கு வரும் மருந்து நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கும் மேலாகக் குறைந்தது. மீன் சாவு நின்றது. மாலினேட் 2009ஆம் ஆண்டோடு அந்நாட்டில் விலக்கப்பட்டது பிந்திய செய்தி.

வினை வரும் வாயிலை அடைத்தலைச் செறிப்பு என்றும், முன்னர்ச் சேர்ந்ததைச் சிறிது சிறிதாகக் கழித்தலை உதிர்ப்பு என்றும் ஓதுகிறோம். இந்நிகழ்ச்சியைப் படித்தபோது அவ்விரு சொற்களும் நினைவுக்கு வாராமல் இரா. எனினும் ஒப்புமைக்கு எல்லை உண்டு. அந்த எல்லையில்தான் இளைஞருக்கு உரிய விடை இருப்பதாக எமக்குத் தோன்றுகிறது. வினை செய்தவனையே கட்டும். ஒருவன் வினை மற்றொருவனைச் சேராது. மருந்தோ அவ்வாறன்று. அது மடை வழியே செய்யாதவன் வயலுக்குப் போகிறது. மருந்து அங்கே, அதன் வினை இங்கே.

இதனை யாம் நூலில் மட்டும் படித்தறியவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் எம் நன்செய்க்குக் கீழ்ப்புறத்தில் அரை ஏக்கர் வைத்திருக்கும் கைம்பெண் ஒருவர் எம் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் இரண்டு வெண்டை இலைகள். விரிந்து நிற்க வேண்டிய இலை சுருங்கி, கோழிக்கால் விரல்போல் நீண்டு திருகியிருந்தது. "இதப் பாருங்க டீச்சரம்மா" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. எம் வயலில் அப்போது 2,4-டி தெளித்திருந்தனர். அவர் எம் வயலின் வடிகால் வாய்க்காலிலிருந்து நீர் எடுத்து வெண்டைக்குப் பாய்ச்சியவர். காற்றில் வந்ததோ, நீரில் வந்ததோ, இரண்டிலும் வந்ததோ, அறியோம். வெண்டைக்கும் பருத்திக்கும் அம்மருந்து மிகச் சிறிதளவே போதும். அன்று அவரிடம் "பூச்சியாக இருக்கும், அம்மா" என்று கூறி அனுப்பினோம். அறியாமல் கூறினோம், ஆனால் அறிய முயலாமல் கூறினோம். அருகதர் நெறியில் ஹிம்சையின் வேராகக் கூறப்படுவது கவனக்குறைவு, அதாவது பிரமாதம். கொன்ற உயிரின் அறிவை மட்டும் எண்ணிக் கணக்குப் போட்டால் இந்த வேர் கணக்கில் வாராது.

ஆகவே இளைஞரை அழைத்து இவ்வாறு கூறினோம்: "தம்பி, களைவெட்டி செய்யும் கொலை உன் கண்முன் நடக்கிறது, கொத்து நின்றால் நிற்கிறது, உன் வரப்பைத் தாண்டவில்லை. புழுவைக் கண்டு நீ கையை நிறுத்தலாம். மருந்து செய்யும் கொலைக்கு நீ கண் வைக்க முடியாது. கையை நிறுத்தியபின்னும் அது நடக்கும். யார் வயலில் என்று உனக்குத் தெரியாது. எண்ணிக்கையில் எது சிறிது என்று எனக்கும் தெரியாது. ஆனால் காணக்கூடியதைக் காணாத இடத்துக்கு அனுப்பிவிட்டு, குறைந்துவிட்டது என்று சொல்லாதே."

அவர் விடவில்லை. "சரி டீச்சர், ஆள் கூலிக்கு என்ன வழி?" என்றார். நியாயமான கேள்வி. குத்தகையில் ஒரு களையெடுப்புக்கு ஆகும் தொகையைக் குறைத்துக்கொள்வதாக ஒப்பினோம். உடன்படலில் எமக்குப் பங்கிருக்குமானால் செலவிலும் இருக்க வேண்டும் அன்றோ? சம்பாவுக்கு முன் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவது, வரிசையில் நட்டுக் கோனோவீடர் உருட்டுவது, தவிர்க்க இயலாத ஆண்டில் மருந்து இட்டால் மடையை அடைத்து வைப்பது, கீழ்வயல்காரருக்கு முன்னரே சொல்வது என்று பேசி முடித்தோம். வடிகாலை அடைத்தால் நஞ்சு எம் வயலின் தவளைக்கே ஆகும் என்பதை அவர்தாம் எடுத்துக்காட்டினார், அது உண்மை. மண்ணில் தொழுவுரமும் தழையும் மிகுந்தால் சிதைவும் விரைவு என்பதனால் அதனையும் சேர்த்துக்கொண்டோம். மருந்தைத் தின்று மண்ணைத் துப்புரவாக்கும் நுண்ணுயிர்களையும், நம் நூல்கள் கூறும் மண்ணுடல் உயிர்களையும் ஒன்றென்று சொல்லச் சிலர் விரைகின்றனர். அவ்வாறு கூற யாம் துணியோம். ஆனால் நம் பிழையை நமக்காகத் தின்று தீர்ப்பவை அவையே என்பதை மறத்தல் ஆகாது.

கீழ்வயல் அம்மையார் வீட்டுக்கும் சென்றோம். அன்று கூறியது தவறு என்று சொன்னோம். அவர், "அது ஆச்சு பல வருசம், உக்காருங்க" என்று மோர் கொடுத்தார்.

சென்ற வாரம் மணிலாக் கொல்லையில் இளைஞர் சக்கரக் களைவெட்டியைத் தள்ளிக்கொண்டிருந்தார். எம்மைக் கண்டதும் நிறுத்தி, கருவியைத் தூக்கிக் காட்டினார். தகட்டில் ஒரு மண்புழுவின் பாதி நெளிந்துகொண்டிருந்தது. "பார்த்தீங்களா டீச்சர்" என்றார். பார்த்தோம். நீர் பாய்ச்சிய மறுநாள் புழு மேலே இருக்கும். மண் சற்று உலர்ந்து அது கீழே இறங்கியபின் கொத்தினால் அறுபடுவது குறையுமோ என்று இருவரும் பேசிக்கொண்டோம். இதனைச் செய்து பார்த்த உழவர் அன்பர்கள் எவரேனும் இருப்பின், எத்தனை நாள் விட்டுக் கொத்துகிறீர்கள், உங்கள் மண் செம்மண்ணா கரிசலா என்பதையும் குறித்து இவ்விதழுக்கு எழுதுமாறு வேண்டுகிறோம்.